வெப்பத்தை ஒதுக்கிவிட்டு ஒளியைப் படிக்க முடியாது: நுண் ஒளியியல் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ நண்பர்களுக்கு,

சில்லுகளிலும் கண்ணாடி மணிகளிலும் ஒளியைச் சிறைப்பிடித்து ஆராயும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் சிலர் சிலிக்கன் வளையங்களோடு மல்லுக்கட்டுகிறீர்கள். சிலர் சிலிக்கன் நைட்ரைடு, சிலர் லித்தியம் நயோபேட். சிலர் இன்னும் சமன்பாடுகளோடு மட்டும் இருக்கிறீர்கள். எந்தப் பொருளை எடுத்தவரானாலும் முதல் சில மாதங்களில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறீர்கள்: “வெப்பத் தொல்லை இருக்கிறது. அதை ஒழித்துவிட்டுத்தான் உண்மையான அளவீட்டைத் தொடங்க வேண்டும்.”

இந்த வாக்கியத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். நுண் ஒத்ததிர்விக்குள் ஒளி செய்யும் முதல் வேலையே அதைச் சூடாக்குவதுதான். அந்தச் சூடு ஒத்ததிர்வை நகர்த்துகிறது. நகர்ந்த ஒத்ததிர்வு உள்ளே வரும் ஒளியின் அளவை மாற்றுகிறது. மாறிய ஒளி மறுபடியும் சூட்டை மாற்றுகிறது. இந்த வட்டத்தைப் புரிந்துகொண்டவர்கள்தான் இந்தத் துறையின் பெரிய வாசல்களைத் திறந்தார்கள். அதை இங்கே காட்ட விரும்புகிறேன்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். எண்கள் மனதில் பதியாதவரை வெப்பத்தின் வலிமை நமக்கு உறைக்காது.

தொலைத்தொடர்பு இழை ஒன்றின் மேலுறையை உரித்துவிட்டு, நுனியில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் குவித்துப் பாருங்கள். நுனி வெண்மையாக ஒளிர்ந்து இளகும். பரப்பு இழுவிசை அதைத் தானாகவே உருட்டி ஒரு மணியாக்கிவிடும். எந்தக் கருவியாலும் இவ்வளவு வழவழப்பாகக் கடைய முடியாது. இன்னோர் இழையைச் சுடரில் வாட்டி இழுத்து, ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு மெலிய வைத்து, அந்த மணியின் நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுபோனால், இழையில் செல்லும் ஒளி மணிக்குள் கசிந்து நுழையும். முழு அக எதிரொளிப்பால் விளிம்பை ஒட்டியே அது சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்று முடியும்போது அலையின் முகடு முகட்டோடு பொருந்தினால் ஒத்ததிர்வு.

இப்போது 60 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கா வளையத்தை எடுத்துக்கொள்வோம். ஒளியை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கும் என்பதைச் சொல்லும் தரக்காரணி அதற்கு 10 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கால்டெக்கில் கெர்ரி வஹாலாவின் குழு 2003இல் சில்லின் மேலேயே செய்து காட்டிய சிலிக்கா வளையங்கள் இந்த அளவைத் தாண்டியவை. 1,550 நானோமீட்டர் ஒளி அதற்குள் சுமார் 80 நானோ நொடி தங்கும். அந்த நேரத்தில் கண்ணாடிக்குள் சுமார் 17 மீட்டர் ஓடும். அதாவது ஏறத்தாழ 90,000 சுற்று. இழைக்கும் வளையத்துக்கும் இடையிலான இணைப்பு சரியாக அமைந்தால், வெளியிலிருந்து நீங்கள் கொடுக்கும் 1 மில்லிவாட், உள்ளே 150 வாட்டுக்கும் மேலாகச் சுழலும். சில சதுர மைக்ரோமீட்டர் குறுக்குவெட்டில் இவ்வளவு ஒளி. அதில் மிகச் சிறிய பங்கை மட்டும் பொருள் உறிஞ்சினாலும் போதும், அந்த இடம் சூடாகிவிடும்.

சூடானால் என்ன ஆகும்? சிலிக்காவின் ஒளிவிலகல் எண் வெப்பத்தால் கூடும். வளையமும் கொஞ்சம் விரியும். இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வை நீண்ட அலைநீளப் பக்கம் தள்ளும். ஒரு டிகிரிக்குச் சுமார் 1.3 கிகா ஹெர்ட்ஸ். கேட்டால் சிறியதாகத் தோன்றும். ஆனால் தரக்காரணி 10 கோடி என்றால் ஒத்ததிர்வின் அகலமே 2 மெகா ஹெர்ட்ஸ்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு சூடு போதும், ஒத்ததிர்வு தன் முழு அகலத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். உங்கள் ஆய்வகத்தின் குளிர்சாதனம் இந்தத் துல்லியத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

சிலிக்கனில் வேலை செய்பவர்களுக்கு நிலைமை இன்னும் தீவிரம். சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு மாறும் அளவு சிலிக்காவைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. அதன் ஒத்ததிர்வு ஒரு டிகிரிக்குச் சுமார் 10 கிகா ஹெர்ட்ஸ் ஓடும். சென்னை ஐ.ஐ.டி. உட்பட நம் நாட்டில் சிலிக்கன் ஃபோட்டானிக்ஸ் சில்லுகளை வடிவமைக்கும் எந்த இடத்திலும், வளையங்களுக்குப் பக்கத்தில் நுண் சூடேற்றிகளைப் பார்க்கலாம். வெப்பத்தால் ஓடுவதை வெப்பத்தாலேயே இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு அது.

இனி ஆசிலோஸ்கோப்பின் முன்னால் உட்காருவோம். லேசரின் அலைநீளத்தைக் குறைவிலிருந்து கூடுதலுக்கு மெதுவாக நகர்த்துங்கள். இழையின் மறுமுனையில் வரும் ஒளி திரையில் நேர்கோடாகப் போய்க்கொண்டிருக்கும். ஒத்ததிர்வை எட்டியதும் கோடு இறங்கத் தொடங்கும். பாடப்புத்தகத்தின்படி சமச்சீரான ஒரு பள்ளம் வர வேண்டும். வராது. கோடு நீளமாகச் சாய்ந்து, இறங்கிக்கொண்டே போகும். லேசர் முன்னேற முன்னேற, சூடும் ஏறுகிறது, ஒத்ததிர்வும் லேசருக்கு முன்னால் விலகிக்கொண்டே போகிறது. பள்ளத்தின் அடியைத் தொட்ட கணத்தில் இனி ஏறுவதற்குச் சூடு இல்லை. லேசர் ஒத்ததிர்வைத் தாண்டிவிடும். கோடு செங்குத்தாக மேலே தாவிப் பழைய உயரத்துக்குத் திரும்பும். திரையில் ஒரு முக்கோணம் நிற்கும்.

இப்போது லேசரை எதிர்த்திசையில் கொண்டுவாருங்கள். அதே வளையம், அதே லேசர், அதே திறன். ஆனால் இம்முறை லேசர் விளிம்பைத் தொட்டதுமே சூடு ஏறி, ஒத்ததிர்வு லேசரை நோக்கி எதிரே பாய்ந்து வந்து கடந்துவிடும். திரையில் ஊசிமுனை போல ஒரு கீறல் மட்டும் தெரியும். ஒரே பொருளை இரண்டு திசையிலிருந்து அணுகும்போது இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது என்றால், அந்தப் பொருளுக்கு நினைவு இருக்கிறது என்று பொருள். குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில், குறிப்பிட்ட ஒரு திறனில், அதற்கு இரண்டு நிலைகள் சாத்தியம்: சூடான நிலை, குளிர்ந்த நிலை. எதில் இருக்கிறது என்பதை அது வந்த வழி தீர்மானிக்கிறது. இருநிலைத்தன்மை என்று வகுப்பில் படித்தது இதுதான்.

முக்கோணத்தின் நீளத்தை அளந்து பாருங்கள். அது ஒத்ததிர்வின் அகலத்தைப் போல 100 மடங்கு நீண்டிருந்தால், உங்கள் சிலிக்கா வளையத்தின் ஒளிப்பாதை 0.15 டிகிரி சூடாகியிருக்கிறது. எந்த வெப்பமானியையும் செருக முடியாத ஓர் இடத்தின் வெப்பநிலையை, ஒளியே உங்களுக்கு அளந்து சொல்லிவிட்டது. இதைத் தொல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்த முக்கோணத்துக்குள் இன்னும் ஆழமான ஒரு பாடம் இருக்கிறது. லேசரின் அலைநீளம் ஒத்ததிர்வைவிடக் குறைவாக இருக்கும் பக்கத்தை நீலப் பக்கம் என்போம். அங்கே லேசரின் திறன் தற்செயலாகக் கொஞ்சம் குறைந்தால், வளையம் குளிரும். குளிர்ந்த ஒத்ததிர்வு குறைந்த அலைநீளம் நோக்கி, அதாவது லேசரை நோக்கி, நகரும். ஒளி கூடுதலாக உள்ளே வரும். சூடு பழைய அளவுக்குத் திரும்பும். யாரும் கை வைக்காமலே நிலை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. சிவப்புப் பக்கத்தில் எல்லாம் தலைகீழ். கொஞ்சம் குளிர்ந்தால் ஒத்ததிர்வு லேசரை விட்டு விலகும், ஒளி குறையும், மேலும் குளிரும், கடைசியில் கைநழுவிப் போய்விடும். 2004இல் டால் கார்மன், லான் யாங், வஹாலா மூவரும் இந்தத் தன்னிலைப்பைச் சமன்பாடுகளோடும் சோதனையோடும் தெளிவாக எழுதிவைத்தார்கள். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்று எவ்வித மின்னணுக் கட்டுப்பாடும் இல்லாமல் லேசரை ஒத்ததிர்வில் நிறுத்த முடிகிறது என்றால், அது வெப்பம் செய்யும் ஊழியம்.

விளிம்பை ஒட்டிச் சுற்றும் ஒளியின் கதைக்கு வேர் ஒலியில் இருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தில், சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் கேட்கும். சுவரை ஒட்டியே ஒலி ஊர்ந்து போவதாக ரேலி பிரபு விளக்கினார். 1921இல் இங்கிலாந்து சென்ற சி.வி. ராமன் அதே மாடத்தில் சோதனை செய்தார். ஊர் திரும்பியபின் பீஜப்பூர் கோல் கும்பஸ் போன்ற நம் நாட்டு மாடங்களையும் ஆராய்ந்து 1922இல் எழுதினார். அதன்பின் அவர் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் 1928இல் வந்தது. 2002இல் வஹாலாவின் குழு ஒரு சிலிக்கா மணிக்குள் ராமன் சிதறலாலேயே இயங்கும் லேசரை, 100 மைக்ரோவாட்டுக்கும் குறைந்த திறனில் இயக்கிக் காட்டியது. திருச்சியில் பிறந்த ஒருவர் தனித்தனியாக ஆராய்ந்த இரண்டு நிகழ்வுகள், முடியளவு தடிமனுள்ள ஒரு கண்ணாடி மணிக்குள் ஒன்றுசேர்ந்தன. நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அந்த வழியில்தான்.

சிலிக்கா மணிகளில் ஒளியை வைத்து இதை ஆராய்ந்த முன்னோடிகள் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராகின்ஸ்கி, கோரோடெட்ஸ்கி, இல்சென்கோ. சிலிக்கா மணிகளின் தரக்காரணியையும் நேரியலற்ற பண்புகளையும் பற்றிய கட்டுரையை 1989இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண் வைத்திருந்தது கெர் விளைவின் மேல். ஒளியின் செறிவால் ஒளிவிலகல் எண் உடனுக்குடன் மாறும் விளைவு அது. ஆனால் மணிக்குள் ஒளியைச் செலுத்தினால் முதலில் முன்னால் வந்து நிற்பது வெப்பம். அவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. இல்சென்கோவும் கோரோடெட்ஸ்கியும் வெப்ப விளைவுகளுக்கென்றே 1992இல் தனிக் கட்டுரை எழுதினார்கள்.

கெர் விளைவைத் தனியாகப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னொரு சாட்சி பாரிஸில் இருக்கிறது. எகோல் நார்மால் சுப்பீரியரில் செர்ஜ் அரோஷ் இடம்பெற்ற குழு, 1998இல் கெர் விளைவால் மட்டும் எழும் இருநிலைத்தன்மையைக் காட்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அரோஷ். அந்தக் குழுவினர் ஒரு சிலிக்கா மணியை மீப்பாய்ம ஹீலியத்துக்குள் மூழ்க வைத்தார்கள். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே 2 டிகிரி அளவில், சூட்டை நொடியில் வாரிக்கொண்டு போகும் திரவம் அது. வெப்பத்தை விலக்க வேண்டுமானால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. அறை வெப்பநிலையில் உங்கள் மேசையில் இருக்கும் சில்லில் அது உங்களோடேதான் இருக்கும்.

அடுத்து நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் இயக்கவியல் முழுவதும் நேர அளவுகளின் போட்டிதான். கெர் விளைவு உடனடியானது. ஒளி உள்ளே சேர்வதும் வடிவதும் நானோ நொடிகளில். ஒளிப்பாதையின் சூடு அக்கம்பக்கத்துக்குப் பரவுவது மைக்ரோ நொடிகளில். முழு மணியும் சூடாகிக் குளிர்வது மில்லி நொடிகளிலும் அதற்கு மேலும். சூட்டிலேயே இரண்டு வேகம் எப்படி என்று கேட்பவர்கள் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தெளித்ததும் மேற்பரப்பு சட்டென்று தணிந்துவிடும், கல்லின் உடல் சூடு தணிய வெகுநேரம் ஆகும். அதனால்தான் லேசரை வேகமாக நகர்த்தினால் ஒரு முக்கோணமும், மெதுவாக நகர்த்தினால் வேறொரு முக்கோணமும் கிடைக்கிறது.

ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு விளைவுகள் வெவ்வேறு வேகத்தில் இயங்கினால் ஊசலாட்டம் பிறக்கும். சிலிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1,550 நானோமீட்டரில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல், எலக்ட்ரானைத் தூக்கிவிடப் போதாது. செறிவு ஏறியதும் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பிறந்த எலக்ட்ரான்களும் துளைகளும் ஒளிவிலகல் எண்ணைக் குறைத்து, ஒத்ததிர்வை நீலப் பக்கம் தள்ளுகின்றன. அவற்றின் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. அவையே ஒளியை உறிஞ்சிச் சூட்டையும் உண்டாக்குகின்றன. சூடு ஒத்ததிர்வைச் சிவப்புப் பக்கம் தள்ளுகிறது, மைக்ரோ நொடிக் கணக்கில். வேகமானது ஒரு பக்கம் இழுக்க, மெதுவானது மறுபக்கம் தள்ள, வளையம் எதிலும் நிலைகொள்ளாது. நீங்கள் துடிப்பே இல்லாத சீரான லேசரை உள்ளே விடுகிறீர்கள். வெளியே துடிப்புகள் வரிசையாக வருகின்றன. 2006இல் கால்டெக்கில் ஜான்சன், போர்செல்லி, பெயின்டர் மூவரும் சிலிக்கன் நுண்தட்டில் இதை விரிவாக அளந்து, சமன்பாடுகளோடு பொருத்திக் காட்டினார்கள்.

இதையே வேண்டுமென்றே அமைத்துக்கொள்ளவும் முடியும். சிலிகோன் ரப்பர் வகையைச் சேர்ந்த பி.டி.எம்.எஸ். சூடானால் அதன் ஒளிவிலகல் எண் குறையும், சிலிக்காவுக்கு நேர் எதிர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லான் யாங்கின் குழு, சிலிக்கா வளையத்தின் மேல் அதைப் பூசிப் பார்த்தது. பூச்சின் தடிமனைச் சரியாகத் தேர்ந்தால் வெப்ப நகர்வு ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்று 2008இல் காட்டினார்கள். அதே பூச்சு வளையத்தில் எதிரெதிர் விளைவுகள் வெவ்வேறு வேகத்தில் இயங்குவதால் வெப்ப ஊசலாட்டம் எழுவதை 2009இல் எழுதினார்கள். ஒரே பூச்சு, ஒரு நிலையில் அமைதியையும் இன்னொரு நிலையில் ஆட்டத்தையும் தருகிறது. வெப்பம் என்பது மாறாத எதிரி என்றால் இது எப்படி நடக்கும்?

இனி இந்தத் துறையின் மிகப் பெரிய நிகழ்வுக்கு வருகிறேன். சமமான இடைவெளியில் நூற்றுக்கணக்கான அதிர்வெண்கள் வரிசையாக நிற்கும் ஒளியை அதிர்வெண் சீப்பு என்கிறோம். அதற்காக ஹான்ஷுக்கும் ஹாலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அந்தக் கருவி ஒரு மேசையை அடைத்துக்கொண்டிருந்தது. 2007இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், டெல்ஹே, கிப்பன்பெர்க் முதலானோர் ஒற்றை நுண் ஒத்ததிர்விக்குள் சீப்பை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்தச் சீப்புகள் பெரும்பாலும் ஒழுங்கற்ற இரைச்சலோடு வந்தன. ஒழுங்கான சீப்பு வேண்டுமென்றால் ஒளி, வடிவம் குலையாமல் சுற்றிவரும் ஒற்றைத் துடிப்பாக, சாலிட்டானாக, மாற வேண்டும்.

இங்கேதான் முட்டுக்கட்டை. சாலிட்டான் வாழும் இடம் சிவப்புப் பக்கம். வெப்பம் நிலைக்க விடாத அதே பக்கம். மேலும், இரைச்சலான நிலையிலிருந்து சாலிட்டானாக மாறும் கணத்தில் உள்ளே இருக்கும் சராசரித் திறன் திடீரென்று விழுகிறது. திறன் விழுந்தால் வளையம் குளிர்கிறது. குளிர்ந்தால் ஒத்ததிர்வு லேசரை விட்டு ஓடுகிறது. சாலிட்டான் பிறந்த சில மைக்ரோ நொடிகளிலேயே செத்துவிடுகிறது. பிறப்பே அதன் சாவுக்குக் காரணமாகிறது.

2014இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஹெர், கிப்பன்பெர்க் குழுவினர் மெக்னீசியம் ஃபுளோரைடு ஒத்ததிர்வியில் சாலிட்டானை நிலைநிறுத்தினார்கள். வழி என்ன தெரியுமா? லேசரை நகர்த்தும் வேகத்தைச் சரியாகத் தேர்ந்தார்கள். சாலிட்டான் நிலையை அடையும் கணத்தில், அந்த நிலைக்கு எவ்வளவு சூடு தேவையோ அவ்வளவு சூட்டோடு ஒத்ததிர்வி இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். கோரோடெட்ஸ்கியின் பெயர் இருக்கிறது. 1989இல் மாஸ்கோவில் சிலிக்கா மணியின் நேரியலற்ற பண்புகளை ஆராய்ந்த அதே கோரோடெட்ஸ்கி. கால் நூற்றாண்டுக் காலம் வெப்பத்தை மதித்துப் படித்த ஒருவர், சாலிட்டான் பிடிபட்ட இடத்திலும் இருந்தார். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அதன்பின் வந்த வழிகளையும் வரிசையாகப் பாருங்கள். 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, லேசரை அசைக்காமல் நுண் சூடேற்றியால் வளையத்தை நகர்த்தியே சாலிட்டானைப் பிடித்தது. 2019இல் சில குழுக்கள் இரண்டாவது லேசர் ஒன்றை நீலப் பக்கத்தில் நிறுத்தின. முதல் லேசரின் திறன் உள்ளே விழும்போது வளையம் குளிர்ந்து, இரண்டாவது லேசரின் ஒளி தானாகக் கூடுதலாக உள்ளே வருகிறது. மொத்தச் சூடு மாறுவதில்லை. அதே ஆண்டு லித்தியம் நயோபேட்டில், ஒளியால் எழும் மின்புலம் ஒத்ததிர்வை வெப்பத்துக்கு எதிர்ப்பக்கம் இழுப்பதைப் பயன்படுத்தி, தானே தொடங்கும் சாலிட்டானைக் காட்டினார்கள். 2020இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா, கால்டெக், லோசான் குழுக்கள் சேர்ந்து, சுவிட்சைப் போட்டதும் சாலிட்டான் எழும் சில்லைச் செய்தன. வளையத்திலிருந்து திரும்பி வரும் ஒளி, லேசரின் அதிர்வெண்ணையே தன்னோடு பிணைத்துக்கொள்கிறது.

இவற்றில் எதுவும் ஆய்வகத்துக்குள்ளேயே முடங்கிவிடவில்லை. 2017இல் கார்ல்ஸ்ரூ, லோசான் குழுக்கள் இரண்டு சாலிட்டான் சீப்புகளைக் கோத்து, 179 அலைவரிசைகளில் நொடிக்கு 50 டெராபிட்டுக்கும் மேலான தரவை 75 கிலோமீட்டர் இழையில் அனுப்பிக் காட்டின. விண்மீன்களின் ஒளியை அளவிடவும், தூரத்தை அளவிடவும், கடிகாரத்தைச் சில்லில் அடக்கவும் இதே சீப்புகள் முன்வருகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வெப்பத்தோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

ஒளியே இல்லாவிட்டாலும் வெப்பம் அங்கே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 1,000 கன மைக்ரோமீட்டர் சிலிக்காவின் வெப்பநிலை அறையோடு முழுச் சமநிலையில் இருக்கும்போதும், ஒரு டிகிரியின் 10 லட்சத்தில் 28 பங்கு அளவுக்குத் தானாக ஏறி இறங்கும். ஒத்ததிர்வு அதனால் 35 கிலோ ஹெர்ட்ஸ் அளவு நடுங்கும். எந்தத் தொழில்நுட்பத்தாலும் அறை வெப்பநிலையில் இதை அழிக்க முடியாது. கோரோடெட்ஸ்கியும் குருதினினும் 2004இல் இந்த நடுக்கத்தைக் கணக்கிட்டு, மணியில் அளந்தும் காட்டினார்கள். சில்லில் அடங்கும் லேசரும் கடிகாரமும் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்ற எல்லையை இன்று பல இடங்களில் விதிப்பது இதுதான்.

இவ்வளவையும் சொன்னபின் உங்களிடம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

முதலாவது. புதிய ஒத்ததிர்வி கைக்கு வந்ததும், இரண்டு திசையிலும் லேசரை நகர்த்திப் பாருங்கள். திறனைப் படிப்படியாகக் குறையுங்கள். இரண்டு திசையின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் அளவுக்குத் திறன் இறங்கிய பிறகு எடுத்த தரக்காரணியை மட்டும் நம்புங்கள். குறைவிலிருந்து கூடுதலுக்கு வந்தால் அகலம் பெரிதாகவும், எதிர்த்திசையில் சிறிதாகவும் தெரியும். எதிர்த்திசையில் எடுத்த ஊசிக்கீறலை வைத்து உயர்ந்த தரக்காரணியை அறிவிப்பது நியாயமாகாது. அறிவிக்கும்போது திறன், திசை, வேகம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு இன்னொருவர் எதையும் மீண்டும் செய்து பார்க்க முடியாது.

இரண்டாவது. வெப்பநிலைக்கென்று தனியாக ஒரு சமன்பாடு எழுதுங்கள். ஒளிக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று. ஒளி வேகமானது, வெப்பம் மெதுவானது என்பதால் முதலாவதை அந்தந்தக் கணத்தின் சமநிலையில் வைத்துவிடலாம். மிஞ்சுவது ஒரு முப்படிச் சமன்பாடு. தாளில் பேனாவால் தீர்க்கலாம். மூன்று தீர்வுகள் வரும் இடத்தில் இரண்டு நிலையானவை, நடுவில் உள்ளது நிலையற்றது. நேரியலற்ற இயக்கவியலை இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் காட்டும் சோதனைகள் மிகக் குறைவு. உயர்விலைக் கருவி இல்லாத கல்லூரியிலும் ஒரு சாதாரணக் கணினியில் இதை ஓட்டிப் பார்க்கலாம். ஆசிரியர்களாகப் போகிறவர்கள் இதை வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது. தொலைந்த ஒளி முழுவதும் சூடாவதில்லை. ஒரு பகுதி பரப்பின் சொரசொரப்பால் வெளியே சிதறுகிறது, ஒரு பகுதிதான் உறிஞ்சப்படுகிறது. தரக்காரணி மட்டும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. முக்கோணத்தின் நீளம் சொல்லும். ஒளியின் திறனை மெதுவாகவும் வேகமாகவும் அசைத்துப் பார்த்தால், வெப்பம் பின்தங்கிவிடும் வேகத்தில் கெர் விளைவு தனியே நிற்கும். இரண்டின் விகிதத்திலிருந்து பொருளின் உறிஞ்சலையே கணக்கிடலாம். உற்பத்தி செய்த சில்லில் குறை எங்கே, பொருளிலா பரப்பிலா என்று கண்டறிய இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியாது.

நான்காவது. விசித்திரமாக வந்த கோடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சீரான லேசருக்குத் துடிப்பாகப் பதில் வந்தால், அதன் கால அளவைக் குறித்து வையுங்கள். நானோ நொடியா, மைக்ரோ நொடியா, மில்லி நொடியா என்பதே எந்தெந்த விளைவுகள் மோதுகின்றன என்பதைச் சொல்லிவிடும். 2014இன் சாலிட்டான்கூட முதலில் திரையில் தெரிந்தது, முக்கோணத்தின் முடிவில் சிறு படிகளாகத்தான். கோட்டின் வடிவம் சரியில்லை என்று அதைக் கடந்து போயிருக்கலாம். ஹெர் குழுவினர் அங்கேயே நின்று, படிகளின் உயரத்தை ஒப்பிட்டு, ஒவ்வொரு படியும் ஒரு சாலிட்டானின் வரவு செலவு என்று கண்டுகொண்டார்கள்.

நண்பர்களே, அளவு சிறுக்கச் சிறுக்க ஒளியையும் பொருளையும் தனித்தனியாகப் பார்க்கும் வசதி நமக்கு இருக்காது. நீங்கள் செய்யப்போகும் வளையங்கள் இன்னும் சிறியதாகும், தரக்காரணி இன்னும் ஏறும், ஆகவே வெப்பத்தின் பங்கும் ஏறிக்கொண்டே போகும். நாளை நம் நாட்டுச் சில்லுகள் ஆய்வகத்தைத் தாண்டித் தரவு மையத்துக்கும் வயல்வெளிக்கும் போகும்போது, நண்பகல் வெயிலிலும் நள்ளிரவுக் குளிரிலும் அவை வேலை செய்ய வேண்டும். அதைச் செய்து கொடுக்கப் போகிறவர்கள் நீங்கள். இன்று உங்கள் மேசையில் இருக்கும் முக்கோணத்தை முழுமையாகப் புரிந்துகொண்டவர்களால்தான் அது முடியும். ஆகவே அடுத்த முறை லேசரை இயக்கும்போது, குறிப்பேட்டில் முதல் வரியாக வெப்பத்தை எழுதுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நம்பத்தக்கதாக இருக்கும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்தத் துறைக்கு வந்த ஒருவர்